பூஜையில் ஏறிய கான்செர்ட்டினா

மிஸ்டர் லிம் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் வாசு சாமி மேடையைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டார்.

மனிதர் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை ஆசையாகக் காரோட்டி வந்திருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அறுபதாவது பிறந்தநாள் விருந்து. சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால் கான்செர்ட்டினா வாசிக்கப் போவதாகத் தம்பட்டம் அடித்துவிட்டார்.

வாசுவும் சளைத்தவரில்லை. "ரெடி பாஸ், தேனா பேசுது," என்று போன வாரமே வாட்ஸ்அப்பில் அளந்து வைத்திருந்தார்.

எங்கே பேசுவது? ஆறு பக்கத்துச் சின்னப் பெட்டி, நடுவில் துருத்தி, இரண்டு முனையிலும் பொத்தான்கள். வெளியே புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்றுதான் இருந்தது. உள்ளே காலி. சத்தம் எழுப்ப வேண்டிய பித்தளை ரீடுகளில் ஒன்றைக்கூட அவர் இன்னும் பொருத்தவில்லை.

ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பஜனைக் குழுக்களின் ஹார்மோனியங்களைப் பழுதுபார்த்துக்கொண்டு சிவனே என்று இருந்தவர்தான். பாசார் காராட் பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த இரும்புகளுக்கு நடுவில், ஒரு வெள்ளைக்காரன் காலத்துக் கான்செர்ட்டினா கண்ணில் பட்டதோடு புத்தி தடுமாறிவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வாங்கினார். இதுவரை ஒன்றும் விற்றபாடில்லை. அவரை நம்பிக் கேட்டு வந்த முதல் ஆள் லிம்தான். இவரும் முகம் சுளித்துப் போய்விட்டால் வாசு அந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மலேசியா முழுக்கச் சல்லடை போட்டாலும் இன்னொரு லிம் கிடைக்க மாட்டார்.

இன்றோடு மானம் போயிற்று என்று நினைத்துத்தான் காலையில் எழுந்து வந்தார். வந்தவருக்குக் கடவுள் கண்ணைத் திறந்திருந்தார்.

சாமி மேடையில் கான்செர்ட்டினா உட்கார்ந்திருந்தது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி. பக்கத்திலேயே அவருடைய ஸ்க்ரூ டிரைவர், அரம், குறடு எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன.

"சரஸ்வதி பூஜைங்க. விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது," என்றாள் மனைவி தனலெட்சுமி.

தெருக்கோடிக் கோயிலில் ஒரு வாரமாக நவராத்திரி மேளம் முழங்கிக்கொண்டிருந்தது அவர் காதிலும் விழுந்துதான் இருந்தது. ஆனால் நாள் கிழமையெல்லாம் தனலெட்சுமி இலாகா. வருஷா வருஷம், "என் குறடு என்ன பாவம் பண்ணுச்சு, அது ஏன் விரதம் இருக்கணும்?" என்று முணுமுணுக்கும் வாசு, இந்த வருஷம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

லிம் உள்ளே வந்தார். மேடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினார். கரண்டியும் கையுமாகத் தனலெட்சுமி குறுக்கே வந்து நின்றாள்.

பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது, இன்றைக்கும் கூடாது, நாளைக்கும் கூடாது என்று மலாயில் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

வாசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கக் கூடாதா? "ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாக்கட்டுமே தனா, பாவம், தூரத்திலேருந்து வந்திருக்காரு," என்று லிம்முக்காகப் பரிந்து பேசினார்.

தனலெட்சுமி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சரி என்று சொல்லித் தொலைத்துவிடுவாளோ என்று வாசுவுக்கு வேர்த்துவிட்டது.

நல்லவேளை, அவள் தலையைப் பலமாக ஆட்டி மறுத்துவிட்டாள்.

லிம் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டிலும் சாமி மேடை உண்டு. "காட் ஃபர்ஸ்ட் லா, பாஸ்," என்று சொல்லிவிட்டுக் கீழே காருக்குப் போனார். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு திரும்பி வந்தார். அதை மேடையில் வைத்து, கைகளைக் குவித்துக் குனிந்து கும்பிட்டார்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வாசு தாங்கியிருப்பார். அந்த ஆரஞ்சுப் பழங்களைப் பார்க்கத்தான் முடியவில்லை. இத்தனை நல்ல மனிதரிடம் போய்ப் புளுகினோமே என்று வெட்கமாக இருந்தது.

நாளை மறுநாள் காலை வரச் சொல்லித் தனலெட்சுமி அவரை வழியனுப்பினாள்.

கதவு சாத்திய பிறகுதான் வாசுவுக்கு உறைத்தது. ரீடுகளைப் பொருத்திச் சுருதி சேர்க்க ஒரு முழு நாள் வேண்டும். நாளை மறுநாள் வரைக்கும் பெட்டியும் மேடையில், ஸ்க்ரூ டிரைவரும் மேடையில். எதைக் கொண்டு, எதைப் பொருத்துவது? அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தனா, அது உள்ள ஒண்ணுமே இல்ல. அந்த மனுசன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். நேத்து ராத்திரி துடைக்கிறப்ப அமுக்கிப் பாத்தேன். புஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு."

சொல்லிக்கொண்டே அவள் மேடைக்குப் போனாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அதிலிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

வாசு பதறிப்போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பிடிங்க," என்றாள் தனலெட்சுமி. "பூஜை நாளைக்குத்தான்."