அப்பாவின் வியாழக்கிழமை

வேலைப் பட்டியலில் அப்பா இருந்தார்.

தங்கையைப் பார்க்க வந்த அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வியாழக்கிழமை. கழிவறை கழுவுதல். அதற்கு நேராக, திறப்பு விழா அழைப்பிதழிலிருந்து வெட்டி ஒட்டிய அப்பாவின் முகம்.

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது எதிர்ச் சுவரில்தான் இருக்கிறார், சந்தன மாலையும் சிவப்பு பல்புமாக.

உயிரோடு இருந்தபோது சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைத்தவர் அல்ல. கை கழுவச் சொம்பு நீட்டவே ஓர் ஆள் இருந்தான்.

தங்கைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அண்ணன் சாத்துக்குடியோடு வந்திருந்தார். தங்கை தேவமணிக்கு நாற்பத்தொரு வயது. அவளும், அவளைப் போலவே அறிவுசார் மாற்றுத்திறன் உள்ள மூன்று பெண்களும் தங்கள் வீட்டைத் தாங்களே நடத்திக்கொள்ளட்டும் என்று, அப்பா பெயரில் அறக்கட்டளை வைத்து இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தது அவர்தான். வாசல் கல்வெட்டில் எல்லாம் விவரமாக இருக்கிறது. உள்ளே நடப்பது கல்வெட்டுக்குத் தெரியாது.

பட்டியல், அந்த மூன்று பேரில் ஒருத்தியான பூங்கோதையின் பொறுப்பு. தேவமணியைக் காலையில் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தவளும் அவள்தான். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள்.

இது என்ன கூத்து என்று கேட்டார்.

பூங்கோதை பொறுமையாகச் சொன்னாள். இந்த வீட்டில் இருக்கிற எல்லோரும் வேலை செய்ய வேண்டும். அவரே கையெழுத்துப் போட்ட விதி. முதலில் நாலு பேர்தான் இருந்தார்கள். ஐந்தாவதாக ஒருவரைக் கொண்டுவந்து ஆணி அடித்து மாட்டியது யார்?

அது வெறும் படம் என்றார்.

"இருக்கட்டுங்க. பகலெல்லாம் லைட்டப் போட்டுட்டுத்தான இருக்காரு?"

அவர் திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

வீடு திறந்து ஏழு மாதம். அப்பாவின் வரிசையில் எல்லா வியாழக்கிழமையும் டிக் விழுந்திருந்தது, இன்றைக்கு மட்டும் காலி. இவ்வளவு நாள் யார் செய்தது என்று கேட்டார். தேவமணி. தன் பங்குக்குச் செவ்வாய்க்கிழமை வீடு கூட்டித் துடைப்பாள். அப்பா பங்குக்கு வியாழக்கிழமை இது.

இன்றைக்கு அவளால் முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக் கூட்டம். வேலை செய்யாதவர் இங்கே இருக்கலாமா கூடாதா என்று பேசுவார்கள். மூன்று பேர் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்பது பூங்கோதையின் முகத்திலேயே தெரிந்தது.

அவர் நினைத்தால் ஒரு நிமிடம் போதும். பட்டியலைக் கிழித்துப் போடலாம். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. நாளையிலிருந்து இது இன்னொரு ஹாஸ்டலாகிவிடும், அவ்வளவுதான்.

கை பட்டியல் வரைக்கும் போனது.

உள்ளறைக் கதவு திறந்தது. தேவமணி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கழிவறை பிரஷ்.

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

டிரைவரைக் கூப்பிடுகிறேன் என்றார். பூங்கோதை ஒப்புக்கொள்ளவில்லை. டிரைவர் இந்த வீட்டு ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் வேண்டுமானால் செய்யலாம். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டார். அவள் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து, பட்டியலுக்குக் கீழே அதை எழுதினாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

எந்த பாட்டிலை ஊற்றுவது என்று தெரியவில்லை. தேவமணி ஸ்டூல் போட்டுக் கழிவறை வாசலில் உட்கார்ந்து நீல பாட்டிலைக் காட்டினாள். மில்லில் எண்ணூறு பேருக்கு வேலை சொல்கிறவர், ஓரத்தில் தேய்க்கச் சொன்னால் ஓரத்தில் தேய்த்தார். ஊற விடச் சொன்னால் ஊற விட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சட்டை அவ்வளவு வெள்ளையாக இல்லை.

பூங்கோதை வந்து குனிந்து பார்த்தாள். இடது மூலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுபடி தேய்த்தார்.

இரண்டாம் தடவையும் அவள் குனிந்து பார்த்தாள். நேராகப் போய் அப்பாவின் கட்டத்தில் டிக் போட்டாள். மில்லுக்கு ஏற்றுமதி விருது வாங்கின அன்றுகூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது.

கைகால் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். ஒரு முடிவோடுதான் வந்தார். பல்பை அணைத்தார். நாற்காலியில் ஏறி, படத்தை ஆணியிலிருந்து கழற்றி இறக்கினார். அப்பா நல்ல கனம்.

வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொள்கிறேன், இனிமேல் நீ ரெண்டு பேர் வேலை பார்க்க வேண்டாம் என்று தங்கையிடம் சொன்னார். நியாயமான பேச்சுதான். பூங்கோதையே தலையாட்டினாள்.

தேவமணி எழுந்து வந்து படத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விரலில் பட்ட அவள் கை சுட்டது.

"வேண்டாங்கண்ணா. உங்க வீட்டுல அப்பாவோட வேலைய யாரு செய்வாங்க?"

அவர் தன் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். மனைவி. இரண்டு மகன்கள். மருமகள். கடைசியாகத் தன்னையும் நினைத்துப் பார்த்தார்.

பிறகு படத்தோடு மறுபடி நாற்காலியில் ஏறினார்.