தர்மிளா தொட்டால் கேட்கும்

இறக்குவானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. கிரிக்கெட் வர்ணனை கேட்க லோகேஸ்வரனிடம் இருந்தது பழைய பெட்டரி ரேடியோ ஒன்றுதான். அதுவும் ‘கொர்’ரென்று இரைந்தது.

மூன்று நாளாக அவனோடு பேசாத மனைவி தர்மிளா, தூசி துடைக்க வந்து ரேடியோவின் முறிந்த ஏரியலைத் தொட்டாள். வர்ணனை தெளிவாகக் கேட்டது. கையை எடுத்தாள். மறுபடி இரைச்சல்.

“ஐயோ, கைய எடுக்காத!”

“நான் என்ன கம்பமா?”

“மனுச ஒடம்பும் ஏரியல் மாதிரிதான். காத்துல வர்ற அலையப் புடிச்சு ரேடியோவுக்குக் குடுக்கும்.”

“அப்ப மொதல்ல மன்னிப்புக் கேளுங்க.”

கேட்டான். கதிரை கொண்டுவந்து போட்டு அவளை உட்கார வைத்தான். பிளேன்டீயும் ஊற்றிக் கொடுத்தான். கிரிக்கெட் மெச் முடியும்வரை இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

முடிந்ததும் தர்மிளாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏரியல்ல இருந்து உடுப்புக் காயப்போடுற கம்பிக்கு ஒரு வயர் இழுத்திருந்தீங்களே, அத நான்தான் காலையில கழட்டி விட்டேன். நீங்க வந்து கெஞ்சணும்னுதான்!”

“தெரியும். நீ கழட்டுறப்பவே ஜன்னலால பாத்தேன்.”

“அப்ப ஏன் திரும்ப மாட்டல?”

“மாட்டியிருந்தா நீ பக்கத்துல வந்திருப்பியா?”