தாய் நின்ற இடம்

ரூஜ் பகுதியிலுள்ள வீட்டின் வாசலுக்குள் நின்று டிலக்சன் குளிர்ச்சட்டையைக் கழற்றி மடிக்கிறான். வெளியே, ஏழைகளோடு ஏழைகளாய் வாழும் துறவிகளின் வான் வண்டி இரைந்துகொண்டு நிற்கிறது. இனி அவனும் அவர்களில் ஒருவன். பனியில் பட்ட சாம்பல் வெளிச்சம் திறந்த கதவால் வந்து தாய் கோணேஸ்வரியின் காலடியில் கிடக்கிறது. "காய்ச்சலிலை சாகக் கிடந்த உன்னை அந்தோனியாருக்கு வித்து, பிடி அரிசி குடுத்துத் திருப்பி வாங்கினனான், மகன். நேர்த்தி அண்டைக்கே முடிஞ்சுது. நீ என்ரை பிள்ளை." அவன் மெல்லச் சிரிக்கிறான். "ஒரு பிடி அரிசி காணாதெண்டிட்டார் போலை அந்தோனியார், அம்மா." அவள் சிரிக்கவில்லை. கை மணிக்கூட்டையும் கழற்றிச் சட்டையின்மேல் வைக்கிறான். "பிரான்சிஸ் அசிசியார் உடுத்திருந்ததையும் கழட்டித் தகப்பனிட்டைக் குடுத்தவர். பரலோகத்திலை இருக்கிறவர்தான் இனித் தன்ரை தகப்பன் எண்டு சொன்னவர். ஊரே பாத்துக்கொண்டு நிண்டதாம்." கோணேஸ்வரி அந்த ஊர்க் கூட்டத்துக்குள் ஒரு முகத்தைத் தேடுகிறாள். "அவரின்ரை தாய் எங்கை நிண்டவ?" சப்பாத்தையும் கழற்றக் குனிந்தவனின் விரல்கள் நாடாவில் அப்படியே நின்றுவிடுகின்றன. "தெரியாதம்மா. நான் வாசிச்சதிலை அது இல்லை." வான்காரர் ஒருதரம் ஹோர்ன் அடிக்கிறார். அவன் இன்னும் குனிந்தபடியே இருக்கிறான். கோணேஸ்வரி நிலத்தில் அமர்ந்து, மற்றச் சப்பாத்தின் நாடாவைத் தானே அவிழ்க்கிறாள்.