தாளின் ஓரத்தில்

"பிரஷர் தொண்ணூறுக்கு அறுபது," என்றாள், ஆம்புலன்ஸில் மாதப்பனோடு வந்த மருத்துவ உதவியாளர் பெண்.

ஜெசிந்தா சிஸ்டர் எழுதிக்கொண்டே திருப்பிச் சொன்னார். தொண்ணூறுக்கு அறுபது.

நாடித்துடிப்பு. நெஞ்சுவலி தொடங்கிய நேரம். பதினொன்று பத்துக்கு மென்று விழுங்கக் கொடுத்த மாத்திரை. ஒவ்வொன்றும் சிஸ்டர் வாயிலிருந்து திரும்பி வந்தது.

போன மாதத்திலிருந்துதான் இப்படி. யாருக்கோ ஒரே மாத்திரை இரண்டு தடவை போய்விட்டது. அதன் பிறகு, வாங்குபவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லாமல் நோயாளி கைமாறக் கூடாது என்று ஆகிவிட்டது.

மாதப்பனை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மாற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கண் மூடியிருந்தது. கதவு ஆடி நின்றது.

"அவ்வளவுதானேம்மா?"

அவள் நகரவில்லை.

"நெனவு தப்பறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னாரு சிஸ்டர். செந்தாமரை வந்தா மோட்டார நிறுத்தச் சொல்லணுமாம். தொட்டி ரொம்பி வழியுமாம்."

சிஸ்டரின் பேனா தாளுக்கு மேல் அலைந்தது. இதற்கு ஏது கட்டம்?

மூன்று வருடத்துக்கு முன், இதே வராந்தாவில் ஒரு ஆம்புலன்ஸ்காரர் இந்த உதவியாளர் பெண்ணிடம் சொன்னார், உங்கம்மா வழியில ஏதோ சொன்னாங்க என்று. என்ன என்று கேட்டாள். நெற்றியைத் தேய்த்தார். உள்ளே சொல்லிவிட்டேனே என்றார். உள்ளே போய்க் கேட்டாள். யாரிடம் சொன்னாராம் என்று கேட்டார்கள்.

அம்மா பிறகு கண் திறக்கவில்லை.

அம்மா சொன்னது மோட்டாராகக்கூட இருந்திருக்கலாம். கொடியில் காயும் துணியாக இருந்திருக்கலாம்.

அதுவே அவளுக்குப் போதுமாயிருந்திருக்கும்.

சிஸ்டர் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார். வாய்விட்டும் சொன்னார். செந்தாமரை. மோட்டார். தொட்டி.

செருப்பில்லாமல் ஒரு பெண் ஓடிவந்தாள். மாதப்பன் சம்சாரம் என்றாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி உட்காரவைத்த சிஸ்டர், தாளின் ஓரத்தைப் படித்துக் காட்டினார்.

"இப்பவும் மோட்டார் நெனப்புதானா அந்த மனுசனுக்கு?"

செந்தாமரை சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"எப்படிச் சொன்னாரு?"

சிஸ்டர் ஆம்புலன்ஸில் வந்தவளைக் கைகாட்டினார்.

காலி ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு அவள் செந்தாமரையின் கிட்டத்தில் போய்க் குந்தினாள். மாதப்பன் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி, நிறுத்திய இடத்தில் நிறுத்தி, ஒரு சொல் குறையாமல் சொன்னாள்.

பிறகு, செந்தாமரை கேட்காமலே, இன்னொரு முறையும் சொன்னாள்.