கன்ட்ரோல் ட்யூப்

மெஷின் மறுபடியும் சிவப்புக் காட்டியது.

டெக்னீஷியன் அதே ட்யூபை எடுத்து, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, இன்னொரு தடவை வைத்தாள். ஹீமோகுளோபின் குறைவு என்று மெஷின் திரும்பவும் அடம் பிடித்தது.

லேப் முதலாளி இடுப்பில் கை வைத்தபடி பின்னாலேயே நின்றார்.

“நல்லா இருந்த மெஷினை என்னம்மா பண்ணி வெச்சிருக்க?”

கண்ணாடிக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்ததால் எல்லோர் முகத்திலும் பசி, எரிச்சல். அவளும் வெறும் வயிறுதான். ஆனால் அவளுக்கு எந்த டாக்டரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை.

காலையில் முதல் வேலை கன்ட்ரோல் ட்யூப். அளவு முன்பே தெரிந்த ரத்தம் அது. அதை ஓடவிட்டு எண் சரியாக வந்தால்தான் மெஷினை நம்பி அடுத்தவர் ரத்தத்தை வைக்கலாம். முன்பெல்லாம் அது மெஷின் கம்பெனியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். விலை கையைக் கடிக்கிறது என்று முதலாளி அதை நிறுத்திவிட்டு, செலவில்லாத ஓர் ஏற்பாடு செய்தார். வரவேண்டிய எண்ணைத் தானே ஸ்டிக்கரில் எழுதி மெஷின் நெற்றியில் ஒட்டியும் விட்டார்.

சில வாரங்களாக எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. அவள் மெஷினைக் கழுவினாள். குழாய்களை மாற்றினாள். மருந்து பாட்டிலைக்கூடச் சந்தேகப்பட்டாள். இன்று எண் எல்லையைத் தாண்டிவிட்டது. மெஷின் வேலை செய்ய மறுத்தது.

“கம்பெனி ஆளுக்கு போன் பண்ணிட்டேன். மெஷின் மேல தப்பில்லன்னு சொல்லட்டும், சர்வீஸ் காசை உன் சம்பளத்துலதான் பிடிப்பேன்.”

அதைப் பிடித்தால் இந்த மாத வாடகை போச்சு. வாடகை போனால் வீடும் போச்சு. வீட்டுக்காரர் போன வாரமே யாரையோ கூட்டிவந்து, அவள் சமையலறையை அவள் எதிரிலேயே திறந்து காட்டியிருந்தார்.

வாடகை ஏறியதிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் மாதத்தைத் தள்ளுகிறாள். மகளுக்குப் போட்டபின் பாத்திரத்தில் மிஞ்சினால் உண்டு. இல்லாவிட்டால் டீ. பஸ்ஸில் வந்தவள் இப்போது நடந்து வருகிறாள். லேப் மாடிப்படியில் பாதியில் கண் இருட்டும். செருப்பைச் சரிசெய்கிறவள் போலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நேற்றுத்தான் சம்பளம் கூட்டிக் கேட்டிருந்தாள். இந்தத் தெருவில் எந்த லேப்பிலும் இதற்கு மேல் தரமாட்டார்கள் என்றார் முதலாளி. உண்மைதான். இந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரரும் அந்தச் சம்பளத்துக்கு வீடு தரமாட்டார் என்பதும் உண்மைதான். அதை வாய்விட்டுச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று ராத்திரியெல்லாம் தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

கம்பெனி ஆள் வந்தார். மெஷினின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தன் பையிலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, கம்பெனியின் புது கன்ட்ரோலை ஓடவிட்டார்.

பச்சை.

இன்னொரு தடவை ஓடவிட்டார். அதுவும் பச்சைதான்.

“மெஷின் சுத்தமா இருக்கு சார். உங்க ட்யூப்லதான் கோளாறு. இது யாரோட ரத்தம்?”



அவள் தன் வெள்ளைக் கோட்டின் கையை மேலே சுருட்டினாள். முழங்கை மடிப்பில் காலையில் வைத்த பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பழைய ஊசித் தழும்புகள்.

கம்பெனி ஆள் ட்யூபைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தன் பையை மூடத் தொடங்கினார்.

முதலாளிக்குத்தான் தெளிய ஒரு நொடிகூட ஆகவில்லை. “அப்போ மெஷின் மேல தப்பில்ல. சர்வீஸ் காசு உன் கணக்குதான். போ, வேற யார்கிட்டயாவது நல்ல ரத்தமா எடு.”

ராத்திரியெல்லாம் தொண்டையில் நின்ற ஆத்திரம் அப்போது அவள் கைக்கு இறங்கியது.

அவள் வரவேற்பு மேஜைப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் தன் மணிக்கட்டு வரை துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். கூட்டுகிற அக்காவைப் பார்த்தாள். அக்கா துடைப்பத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்களுக்கும் சம்பளம் கொடுப்பவர் இவர்தான்.

அவள் புது ஊசியைப் பிரித்தாள். ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள்.

“உக்காருங்க சார். இங்க நல்லா சாப்பிடுறவங்க நீங்க ஒருத்தர்தான்.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி உட்கார்ந்தார். அவள் பட்டையை இழுத்துக் கட்டினாள், வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே.

மெஷின் முதல் தடவையிலேயே பச்சை காட்டியது.