உருளை மேல் ஓடிய கார்

"மச்சான், உன் அளவு தப்பு," என்று போனில் சீறினார் கார் சோதனைக்காரர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திறன் அளக்கும் உருளைகள் மேல் ஏற்றிக் கட்டிய பந்தயக் காரில் அவர் தம்பி ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான். நாளைப் பந்தயத்தில் ஓட்டப்போவதும் அவன்தான்.

"இன்ஜினைத் தனியா வெச்சு நானே அளந்தேன் மாப்ள. குதிரைத்திறன் நூத்தி அறுபது."

"இங்க சக்கரத்துல நூத்தி எண்பது காட்டுது. கியர் பாக்ஸும் அச்சும் தின்னது போக, குறைஞ்சில்ல வரணும்? நீ தூக்கிட்டு வர்ற பலகாரத் தட்டு கூடத்துக்கு வர்றதுக்குள்ள பாதியாகுதே, அது மாதிரி."

"உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சிருக்கும்."

"விளையாடாத. உன் அளவ நம்பி அவன் வளைவுல திரும்பி, ஏதாவது ஆச்சுன்னா எங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"



"நீ எந்த வண்டியச் சொல்ற மாப்ள?"

"காலையில உன் ஷெட்லேர்ந்து தம்பி ஓட்டிட்டு வந்தானே, அந்தச் சிவப்பு வண்டிதான்."

"ஓட்டிட்டா? கட்டி இழுத்துட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன். இன்ஜினை இன்னும் வண்டியில மாட்டவே இல்லையே. இதோ, என் எதிர்லதான் தொங்குது."

சோதனைக்காரர் சிரிக்கத் தயாரானார். மச்சான் சிரிக்கவில்லை.

சோதனைக்காரர் போனைப் போட்டுவிட்டு ஓடி, கார்க் கதவைத் திறந்து, தம்பியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். சக்கரங்கள் இன்னும் வேகமெடுத்தன.

தம்பி தன் கையோடு உருவி வந்த சாவியைப் பார்த்தான்.

"அண்ணா, அப்ப இத யாரு மிதிக்கிறா?"