விரல் நுனியில்

பயோடெக் கடைசி வருடம் படிக்கும் யாழினி, தானே செய்த சர்க்கரை அளக்கும் கருவியில் அப்பாவின் ரத்தத் துளியை வைத்தாள். முந்நூற்று நாற்பது காட்டியது.

"நேத்து லேப்ல நூத்தி முப்பதுதானேப்பா? என்னத்தைத் தின்னீங்க?"

"ஒண்ணும் திங்கல கண்ணு," என்றார் சுப்பண்ணன்.

"அப்ப என் சென்சார்தான் தப்பு. நாளைக்குக் காலேஜ்ல காட்டினா எல்லாரும் சிரிப்பாங்க."

அவள் கண் கலங்கியதைச் சுப்பண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கருவி மேல குத்தமில்ல சாமி. காலையில திராட்சை தின்னுபோட்டேன்."

"சக்கரையை வெச்சுக்கிட்டா? அம்மா, உங்க ஊட்டுக்காரர் பண்ணின வேலையைக் கேளுங்க!"

அடுக்களையிலிருந்து ரங்காத்தாள் வந்தாள். "அவர் ஒண்ணுகூட வாயில போடல. கையைக் கழுவச் சொல்லி மறுக்காப் பாரு கண்ணு."

சோப்புப் போட்டுக் கழுவிய விரலில் நூற்று இருபத்தெட்டுதான் காட்டியது.

"எப்படிம்மா?"

ரங்காத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் பனியன் கம்பெனியில வேலை பார்த்தப்ப, கேட்டு முன்னால தள்ளுவண்டியில பன்னீர் திராட்சை வாங்குவாரு. தோலை உரிச்சு உரிச்சு எனக்கு ஊட்டி உடுவாரு. அந்தப் பழக்கம் இன்னும் உடல. இன்னிக்கு எங்க கல்யாண நாளு..."

யாழினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகமெல்லாம் வெட்கம்.

"கெட்டிக்காரக் கருவிதான் கண்ணு," என்றார் சுப்பண்ணன். "உங்கம்மா தின்னதையும் என் விரல்லயே கண்டுபிடிச்சிருச்சே!"